நான்கு மழைக்காலம் ஓடிய சம்ப் பம்ப்: மோட்டாருக்குப் பாராட்டு, மிதவைக்குப் புகார்

நிலத்தடித் தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற அந்த இரவில், ஊறிவரும் தண்ணீர் வந்து சேரும் சம்ப் குழிக்குள் இருந்து அதை வெளியே தள்ளும் பம்பின் மோட்டாருக்கு எந்தக் கோளாறும் இல்லை. மின்சாரம் வந்துகொண்டிருந்தது, குழாயில் அடைப்பு இல்லை, வெளியேறிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வும் சரியாகவே இருந்தது. தண்ணீரோடு மேலெழும்பி மோட்டாரை ஓடவிட வேண்டிய, ஒயரில் கட்டித் தொங்கும் மிதவை மட்டும் குழிச் சுவருக்கும் வெளியேற்றுக் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் தன்னை முழுக்கடித்த பிறகும் அசையாமல் கிடந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே இறங்கி, மிதவையை விடுவித்து, மேலே ஏறி வந்து மறுபடி மெயினைப் போட்டதும் மோட்டார் எதுவும் நடவாததுபோல் ஓடத் தொடங்கியது. முக்கால் மணி நேரத்திற்குள் தரை தெரிந்தது. அதற்குள் அட்டைப் பெட்டிகளும் மர அலமாரியின் அடிப்பலகையும் ஊறிப் போயிருந்தன.

அந்தப் பம்பை வாங்கி இப்போது நான்கு மழைக்காலம் ஆகிறது. வார்ப்பிரும்பு உடல், 1/2 எச்.பி. (குதிரைத்திறன்) மோட்டார், ஒன்றரை அங்குல வெளியேற்று வாய், உடலோடு சேர்ந்தே வரும் கட்டு மிதவை என்று மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் நீர்மூழ்கி வகை அது. அச்சு அசலாக ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் பம்புகள் பல பெயர்களில் விற்பனைக்கு வருவதால், பெயரைச் சொல்வதைவிட இந்த வகை எங்கே உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று சொல்வதே வாங்க நினைப்பவருக்குப் பயன்படும். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மோட்டாருக்கு முழு மதிப்பெண் தருவேன், அதை ஓட்டவும் நிறுத்தவும் வேண்டிய சுவிட்சுக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர மாட்டேன்.

முதலில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றி. மணிக்கு 11,000 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அது தண்ணீரைச் சற்றும் உயரத்திற்குத் தூக்காமல், பம்பின் வாயிலிருந்து அப்படியே வெளியே விடும்போது கிடைக்கும் அளவு. உயரம் கூடக் கூட வரும் தண்ணீர் குறையும். குழாயைத் திருப்பப் போடும் வளைவு இணைப்பான ஒவ்வொரு எல்போவும் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஒரு குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தாலும் ஒரு சொட்டுகூட வெளியேறாது. ஆகையால் பார்க்க வேண்டியது பெட்டியின் பக்கவாட்டிலோ குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும், இத்தனை மீட்டர் உயரத்திற்கு இத்தனை லிட்டர் என்று காட்டும் அட்டவணையைத்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் 3 மீட்டர் மேலேறி, இரண்டு எல்போக்களைத் தாண்டி வெளியே போகிறது. மழை இல்லாத ஒரு நாளில் குழியை வாளியால் நிரப்பி, கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் 24 லிட்டரை வெளியேற்ற ஏறக்குறைய 15 விநாடி ஆனது. நிமிடத்திற்கு 100 லிட்டர், மணிக்கு 6,000 லிட்டர். பெட்டியில் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பலரும் இப்படித்தான் அச்சிடுகிறார்கள். ஆனால் அந்தப் பெரிய எண்ணை நம்பி வாங்கக் கூடாது.

அந்த 6,000 லிட்டர் எங்களுக்குப் போதுமா என்ற கேள்விக்கு விடை குழியிலேயே இருக்கிறது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழியில் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் அது சுமார் 1.6 லிட்டர். நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது பம்பை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, குழியில் ஓர் அளவுகோலை நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் போதும். எங்கள் குழியில் மிக மோசமான மழையில் நிமிடத்திற்கு 10 சென்டிமீட்டர் ஏறியது. அதாவது 16 லிட்டர். நிமிடத்திற்கு 100 லிட்டர் தள்ளும் பம்புக்கு இது ஒரு வேலையே அல்ல. 1/3 எச்.பி. பம்பே தாராளமாகப் போதும் என்பது வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்புதான், ஆனால் வெள்ளம் வந்த அன்று எனக்குக் குறைந்துபோனது குதிரைத்திறன் அல்ல.

இனி மிதவைக்கு வருகிறேன். தொழிற்சாலையில் வைத்த அமைப்பில், தண்ணீர் 30 சென்டிமீட்டர் ஏறியதும் பம்ப் ஓடும். 15 சென்டிமீட்டருக்கு இறங்கியதும் நிற்கும். இடைப்பட்ட தண்ணீர் வெறும் 24 லிட்டர். கனமழையில் ஒன்றரை நிமிடத்தில் குழி நிரம்புகிறது, 17 விநாடியில் காலியாகிறது, மறுபடி நிரம்புகிறது. மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மோட்டார் கிளம்பி நிற்கிறது. ஒரு மோட்டாரின் ஆயுளைத் தின்பது தொடர்ந்து ஓடுவதைவிட இப்படி அடிக்கடி கிளம்புவதுதான், ஏனென்றால் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் வழக்கமானதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் காயிலுக்குள் பாய்கிறது. இதைக் குறைக்க வேண்டும் என்று எண்ணி, மிதவையைப் பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்தி, ஒயரை ஐந்து சென்டிமீட்டர் நீளமாக விட்டேன். ஒயர் நீண்டால் மிதவை ஏறி இறங்கும் தூரம் கூடும், ஒரு தடவைக்கு வெளியேறும் தண்ணீரும் கூடும். கணக்கு சரிதான். ஆனால் நீண்ட ஒயரில் ஆடும் மிதவைக்கு அகலமான குழி வேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒயர் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று குறிப்பேடு சொன்னது. எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே அன்றைய வெள்ளத்தில் பாதிப் பழி எனக்கு, மீதிப் பாதி அந்தக் குறிப்பேட்டை எழுதியவருக்கு.

இன்னொரு காரணமும் இருந்தது. நீர்மூழ்கி மோட்டார் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் ஓர் உதறல் உதறி, இருந்த இடத்திலிருந்து நூலிழை அளவு திரும்புகிறது. ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தபோது, நடுவில் வைத்திருந்த பம்ப் குழிச் சுவரை நோக்கி நான்கு விரற்கடை நகர்ந்திருந்தது. மேலே குழாய் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதே என்று நம்பியிருந்தேன். ரப்பர் இணைப்பு வளைந்துகொடுத்து இடம் விட்டிருக்கிறது. இப்போது குழியின் அடியில் தட்டையான கான்கிரீட் பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் பம்பை வைத்திருக்கிறேன். நகர்வதும் குறைந்தது, அடியில் படியும் வண்டலை உறிஞ்சுவதும் குறைந்தது.

மிதவையை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தபோதுதான் இந்த வகைப் பம்பின் பெரிய குறை தெரிந்தது. கட்டு மிதவையின் ஒயர் மோட்டாரின் மூடிக்குள் நேரடியாகப் போகிறது. அதை மாற்ற வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பி அடைத்திருக்கும் உடலைத் திறக்க வேண்டும். திறந்தால் உத்தரவாதம் போய்விடும். மூடும்போது வளையச் சீல் சரியாக உட்காராவிட்டால் மோட்டாரும் போய்விடும். எளிதில் தேயக்கூடிய ஒரு சிறு பாகத்தை, நெடுநாள் உழைக்கக்கூடிய ஒரு பெரிய பாகத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்த்துவிட்டார்கள். நான் செய்தது இதுதான்: பழைய மிதவையை எப்போதும் மேல்நோக்கியே இருக்குமாறு பம்பின் கைப்பிடியோடு சேர்த்து இறுகக் கட்டிவிட்டு, செங்குத்துக் கம்பியில் ஏறி இறங்கும் தனி மிதவைச் சுவிட்ச் ஒன்றைக் குழாயில் பொருத்தினேன். இந்தச் சுவிட்சின் பிளக்கைச் சுவரில் செருக வேண்டும். பம்பின் பிளக்கை அந்தப் பிளக்கின் முதுகில் செருக வேண்டும். சுவிட்ச் கெட்டால் அதை மட்டும் கழற்றி எறியலாம். அவசரத்திற்கு பம்பின் பிளக்கை நேராகச் சுவரில் செருகியும் ஓட்டலாம், பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. புதிதாக வாங்குபவர்கள் சுவிட்ச் இப்படித் தனியாக இருக்கும் பம்பைக் கேட்டு வாங்கினால், நான் சுற்றிய இந்தச் சுற்று மிச்சமாகும்.

செங்குத்து மிதவைக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதன் கம்பியில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்தால் மிதவை வழுக்கி ஏறாமல் பிடித்துக்கொள்ளும். விரலால் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போகும். இந்தச் சிறிய வேலையைச் செய்ய மறந்தால் முதல் மிதவையின் கதைதான் மறுபடி.

செக் வால்வு பம்போடு வரவில்லை. தனியாக வாங்க வேண்டியிருந்தது. இது இல்லாமல் ஓட்டலாமே என்று சிலர் சொல்வதுண்டு. பம்ப் நின்றவுடன் 3 மீட்டர் உயரக் குழாயில் நிற்கும் தண்ணீர் அவ்வளவும் குழிக்கே திரும்பும். ஒன்றரை அங்குலக் குழாயில் அது சுமார் 3.8 லிட்டர். ஒரு தடவைக்கு 24 லிட்டர் மட்டுமே வெளியேற்றும் பம்ப் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டிருக்கும். வால்வின் மேல் இருக்கும் அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பம்ப் உறுமும், தண்ணீர் வராது. நான் முதலில் போட்ட சாதாரண மடல் வால்வு மூடும்போதெல்லாம் சுத்தியலால் குழாயை அடித்தாற்போல் சத்தம் போட்டு, மேல்தளத்தில் தூங்குபவர்களை எழுப்பியது. ஸ்பிரிங் வைத்த வால்வுக்கு மாற்றியபின் அந்தச் சத்தம் இல்லை.

பம்புக்கும் செக் வால்வுக்கும் நடுவே குழாயில் ஐந்து மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை இருக்க வேண்டும். பம்ப் ஓடும்போது அந்தத் துளை வழியே மெல்லிய கோடாகத் தண்ணீர் பீய்ச்சிக் குழிக்குள்ளேயே விழும். பார்ப்பவருக்கு ஒழுகல் என்றுதான் தோன்றும். வேறொரு வேலைக்காக வந்த பிளம்பர் ஒருவரும் அப்படித்தான் நினைத்து, நல்லெண்ணத்தோடு பசை போட்டு அதை அடைத்துவிட்டுப் போனார், கூலிகூடக் கேட்கவில்லை. கோடையில் குழி வறண்டு பம்பின் வயிற்றில் காற்று புகுந்தது. அடுத்த மழையில் மோட்டார் சுற்றியது, தண்ணீர் ஏறவில்லை. மேலே செக் வால்வைக் குழாயில் நிற்கும் தண்ணீர் அழுத்தி மூடியிருக்கிறது. கீழே, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லர் காற்றையே கடைந்துகொண்டிருக்கிறது. காற்று தப்பிக்க வழியில்லை. பசையைச் சுரண்டித் துளையைத் திறந்ததும் ஒரு பெருமூச்சு போலக் காற்று வெளியேறி, மறுநொடி தண்ணீர் ஏறியது. பம்பின் உடலிலேயே இந்தத் துளை இருக்கும் மாதிரிகளும் உண்டு. எதுவாக இருந்தாலும், துளையில் படிவு சேராமல் ஒரு மெல்லிய கம்பியால் அவ்வப்போது குத்திவிட வேண்டும்.

பராமரிப்பு என்று நான் செய்வது அதிகமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்குவதற்கு முன், பம்பை வெளியே எடுக்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்; சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செக் வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் இணைப்பைக் கழற்றும்போது குழாயில் நிற்கும் தண்ணீர் கொட்டும் என்பதை ஒரு முறை சட்டை நனைந்த பிறகு கற்றுக்கொண்டதால், இப்போதெல்லாம் கீழே வாளியைப் பிடித்துக்கொள்கிறேன். பம்பைக் கைப்பிடியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஒயரைப் பிடித்துத் தூக்கினால் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் அடைப்பு தளர்ந்து, தண்ணீர் மோட்டாருக்குள் போகும். கடந்த முறை அடி வலையைத் திருப்பிப் பார்த்தபோது சுண்டுவிரல் நகம் அளவுள்ள மூன்று கற்களும், ஒரு பிளாஸ்டிக் உறையின் துண்டும், செம்மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலமும் இருந்தன. இரும்புச் சத்துள்ள நிலத்தடி நீரில் இரும்புப் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் படலம் அது. உடலுக்குத் தீங்கு என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வலைக் கண்களையும் சிறு துளையையும் அடைத்துவிடும். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, குழியின் அடியில் சேர்ந்த வண்டலைக் கரண்டியால் அள்ளி, சுண்ணாம்பு பிடித்திருந்தால் வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஓடவிடாமல் ஊறவைத்து, மறுபடி பொருத்தினால் வேலை முடிந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மழைக்காலத்தில் மாதம் ஒரு முறையும் மற்ற நாட்களில் மூன்று மாதத்திற்கு ஒரு முறையும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கிறேன். மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, மோட்டார் ஓடுகிறது, எல்லாம் சரி என்று போய்விடுவது பலருடைய பழக்கம். என் பழக்கமும் அதுவாகத்தான் இருந்தது. கையால் தூக்கினால் மோட்டார் ஓடுமா என்பதுதான் தெரியும். தண்ணீர் ஏறும்போது மிதவை தானாக ஏறுமா என்பது தெரியாது. வெள்ளம் வந்ததற்கு ஒரு வாரம் முன்பு நான் கையால் தூக்கித்தான் பார்த்தேன். வாளி வாளியாக ஊற்றி, அது தானே ஓடி, தானே நிற்கும் வரை பார்க்க வேண்டும். அப்படியே வெளியே போய், குழாயின் முனையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். அந்த முனை சுவரை ஒட்டி இருந்தால் வெளியேற்றிய தண்ணீரே மண்ணில் இறங்கி மறுபடி குழிக்கு வந்துவிடும். எங்களுடையது முதலில் ஒரு மீட்டர் தள்ளித்தான் இருந்தது, 3 மீட்டருக்கு மேல் நீட்டியபின் பம்ப் ஓடும் தடவைகள் கண்கூடாகக் குறைந்தன. உறைபனி விழும் இடங்களில் முனையில் தண்ணீர் தேங்காதபடி சரிவு கொடுப்பதும் முக்கியம்.

மோட்டாரைப் பாராட்டினேனே, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நான்கு மழைக்காலத்தில் அதன் சத்தம் மாறவில்லை. வார்ப்பிரும்பு உடல், உள்ளிருக்கும் எண்ணெய் வாங்கும் சூட்டைச் சுற்றியுள்ள தண்ணீருக்கு நன்றாகக் கடத்துகிறது. பிளாஸ்டிக் உடல் அவ்வளவு கடத்தாது. சூடு எல்லை மீறினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தி, ஆறியதும் மறுபடி ஓடவிடும். காரணமில்லாமல் நின்று நின்று ஓடுகிறது என்று தோன்றினால் இதைச் சந்தேகிக்கலாம்: இம்பெல்லரில் ஏதோ சிக்கியிருக்கும், அல்லது தண்ணீரில்லாமல் ஓடியிருக்கும். குழியின் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். அதற்கு மேல் அந்தப் பம்பை நம்ப வேண்டாம். சம்ப் பம்புகளுக்குப் பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டு வரை ஆயுள் சொல்வார்கள்.

புயல் மழையும் மின்வெட்டும் சேர்ந்தே வருவதால் இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறேன். ஓடும்போது 600 வாட் அளவுக்கு இழுக்கும் பம்புக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி, பாதிக்கு மேல் இறக்காமல் பயன்படுத்தினால், தொடர்ந்து ஐம்பது நிமிடத்திற்கு வரும். கனமழையிலும் பம்ப் ஆறில் ஒரு பங்கு நேரமே ஓடுவதால் நடைமுறையில் ஐந்து மணி நேரம்வரை இழுக்கிறது. இன்வெர்ட்டரின் திறனைப் பார்க்கும்போது 600 வாட்டைப் பார்க்கக் கூடாது. கிளம்பும்போது அது கேட்கும் பல மடங்கைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பம்ப் செருகியிருக்கும் இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவுப் பாதுகாப்பு பிரேக்கர் கட்டாயம் வேண்டும். அது ஒருமுறை விழுந்துவிட்டால் பம்ப் சத்தமில்லாமல் செத்துக் கிடக்கும் என்பதால், குழியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, தனி பேட்டரியில் இயங்கும் ஒரு தண்ணீர் அலாரத்தையும் மாட்டியிருக்கிறேன். வாங்கியவற்றிலேயே மிகச் சிறிய பொருள் அதுதான், இரவில் என்னைத் தூங்கவிடுவதும் அதுதான்.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மிதவை சிக்கிய மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, மிதவை தேய்மானப் பொருள், உத்தரவாதத்தில் வராது என்றார்கள். தனியாக விலைக்காவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, அப்படி விற்பதில்லை, முழுப் பம்பையும் மாற்றிக்கொள்வதே நல்லது என்று ஆலோசனை சொன்னார்கள். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மோட்டாரைக் கைப்பிடி அளவு பிளாஸ்டிக் உருண்டைக்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. வேறு தயாரிப்பாளரின் செங்குத்து மிதவைச் சுவிட்ச் இரண்டை வாங்கினேன். ஒன்று இரண்டு மழைக்காலமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. மற்றொன்று பிரிக்காத உறையோடு, வாங்கிய தேதி எழுதப்பட்டு, குழிக்கு மேலே தண்ணீர் எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது.